மூத்தார் வாங்கிய லைசென்ஸ்

கவுன்டர் பெண் அட்டையை மெஷினில் வைத்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடியும் அட்டையைப் பார்த்தாள். பிறகு அதைக் கண்ணாடிக்கு அடியில் திருப்பித் தள்ளிவிட்டாள்.

"இதை உங்க கம்பெனில ஏத்த முடியாது மேடம்."

அவள் பேசியது அந்த நாட்டு மொழி. நம் மொழியில் சொன்னால் இதுதான்.

"ஏன் முடியாது? பழைய கம்பெனிலேர்ந்து நேத்துதானே இறக்கினீங்க? இதோ புது கம்பெனி லைசென்ஸ் நம்பர். நல்லாப் பாருங்க."

"பார்த்தாச்சு. உங்களோடது பராமரிப்புக் கம்பெனி. குழாய் ரிப்பேர், கரண்ட் வேலை, பெயின்ட், டைல்ஸ், துப்புரவு. வீடு வாங்கறது, விக்கறது, வாடகைக்கு விடறது எதுவும் இதுல கிடையாது. தரகர் அட்டை தரகு லைசென்ஸ்லதான் ஏறும்."

அட்டைக்குச் சொந்தக்காரியான சாவிக்காரி சிரித்தாள். பாவம், வேறு யாருடைய கம்பெனியையோ பார்த்துவிட்டுப் பேசுகிறாள் என்றுதான் நினைத்தாள். எங்களுடையது ரியல் எஸ்டேட் கம்பெனி என்று பொறுமையாக விளக்கவும் செய்தாள். கவுன்டர் பெண் திரையை அவள் பக்கம் திருப்பினாள். கம்பெனி பெயர் சரி. முகவரி சரி. பொறுப்பாளர் என்ற இடத்தில் அவளுடைய மூத்தாரின் பெயர். தொழில் என்ற இடத்தில் குழாயில் ஆரம்பித்துத் துப்புரவு வரைக்கும் அத்தனையும் வரிசையாக இருந்தது. சிரிப்பு வாயிலேயே நின்றுபோயிற்று.

"அப்ப என் அட்டை?"

"மாசக் கடைசிக்குள்ள ஏதாவது ஒரு தரகு லைசென்ஸ்ல ஏறணும். இல்லேன்னா காலாவதி. மறுபடி முதல்லேர்ந்து பரீட்சை எழுதணும். அதுவரைக்கும் யாருக்கும் வீடு காட்டிடாதீங்க. காட்டி மாட்டினா அப்புறம் பரீட்சை எழுதக்கூட விட மாட்டாங்க."

"தப்பா எடுத்துட்டாங்க போல. மாத்த வழி இருக்கா?"

"இருக்கு. ஆனா தரகு லைசென்ஸ்னா பொறுப்பாளர் பரீட்சை பாஸ் பண்ணினவரா இருக்கணும். இப்ப இருக்கிறவர் இறங்கறேன்னு கையெழுத்துப் போடணும், அந்த இடத்துல நீங்க ஏறணும். இல்லையா, தனியாள் லைசென்ஸ்னு ஒண்ணு இருக்கு, அதை உங்க பேர்ல நீங்களே எடுத்துக்கலாம்." கவுன்டர் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தப்பா எடுத்துட்டாங்கன்னு சொல்றீங்களே, அதான் புரியல. தரகு, ஆலோசனை, பராமரிப்புன்னு மூணு வகையையும் எடுத்துச் சொல்லாம நாங்க யாருக்கும் லைசென்ஸ் குடுக்கிறதில்லையே."

அந்தக் கடைசி வாக்கியம் இருக்கிறதே, அதுதான் சாவிக்காரியை வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. வாசல் படியில் நின்று அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். அட்டையில் இருந்த படத்தில் அவள் இன்னும் ஒல்லியாக இருந்தாள்.

அந்த அட்டை என்ன தெருவில் கிடந்து எடுத்ததா? கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்தபோது இவளுக்கு இந்த ஊர் மொழியில் வணக்கம்கூடச் சொல்லத் தெரியாது. வீடு விற்றுக்கொடுக்கும் கம்பெனி ஒன்றில் போன் எடுக்கும் வேலைக்குப் போனாள். பிறகு சாவிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிற வேலை. பெரிய வளையம் நிறையச் சாவிகள். எந்தச் சாவி எந்த வீடு என்பது கை விரலுக்கே தெரியும். அங்கேதான் சாவிக்காரி என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. தரகர் பரீட்சையை இரண்டு தடவை கோட்டை விட்டாள். அடமானம், பட்டா மாற்றம், ஒப்பந்த மீறல் என்று ஒவ்வொரு வார்த்தையையும் அந்நிய மொழியில் அடுப்படியில் நின்றபடி மனப்பாடம் செய்து, மூன்றாம் தடவை தேறினாள். அந்தக் குடும்பத்தில் இந்த நாட்டுப் பரீட்சை ஒன்றைத் தேறிய ஒரே ஆள் அவள்தான். அதற்காக யாரும் அவளுக்குப் பொன்னாடை போர்த்தவில்லை. "நல்லது, வேலை நிலைக்கும்" என்றார் மூத்தார். அதோடு சரி.

மூத்தார் என்றால் அவள் புருஷனின் அண்ணன். வெளியில் எல்லோருக்கும் அவர் 'மேனேஜர்'. டைல்ஸ் கம்பெனி ஒன்றில் கிடங்கு மேனேஜராக இருந்தார். கம்பெனி போய்விட்டது, மேனேஜர் மட்டும் மிஞ்சினார். சட்டைப்பையில் எப்போதும் தங்க நிற மூடி போட்ட பேனா ஒன்று இருக்கும். அது சும்மா அழகுக்கு இல்லை. அந்தக் குடும்பத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் முதல் கையெழுத்து மூத்தவருடையது. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சேர்க்கையா, தம்பி குடியிருக்கும் வீட்டின் வாடகை ஒப்பந்தமா, கரண்ட் கனெக்‌ஷனா, எதுவானாலும் பேனா முதலில் அந்தப் பையிலிருந்துதான் வரும். தம்பி அதற்குக் கீழே போடுவான். தம்பி பெண்டாட்டி டீ கொண்டுவந்து வைப்பாள்.

சொந்தமாகக் கம்பெனி தொடங்கலாம் என்ற பேச்சை எடுத்தது சாவிக்காரிதான். வாடிக்கையாளர்கள் அவளிடம் இருந்தார்கள், தொழில் அவளிடம் இருந்தது. மூத்தாருக்கு வேலை இல்லை, வீட்டில் சும்மா இருந்து ரிமோட்டோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். சேர்ந்து செய்தால் எல்லோரும் பிழைக்கலாம் என்று நினைத்தாள். நல்ல எண்ணம்தான், என்ன செய்வது! பழைய கம்பெனியில் கணக்குத் தீரும்வரை வேறு கம்பெனிக் காகிதத்தில் அவள் பெயர் ஏறக்கூடாது என்பது விதி. அதனால் லைசென்ஸ் எடுக்க அண்ணனும் தம்பியும் போனார்கள். போவதற்கு முன்னால் வாசல்வரை வந்து படித்துப் படித்துச் சொன்னாள். "தரகு லைசென்ஸ். மறந்துடாதீங்க. ஆலோசனைன்னு ஒண்ணு இருக்கு, பராமரிப்புன்னு ஒண்ணு இருக்கு. அதெல்லாம் வேண்டாம். தரகு."

"நாங்க என்ன பச்சைக் குழந்தையாம்மா?" என்று மூத்தார் சிரித்துவிட்டுத்தான் போனார்.

வந்த லைசென்ஸைச் சட்டம் போட்டு, புது ஆபீஸில் அவர் நாற்காலிக்கு மேலே எட்டாத உயரத்தில் மாட்டியாயிற்று. அதில் தொழில் என்ற இடத்தில் வெறும் எண் ஒன்றுதான் இருக்கும், விவரம் கணினியில்தான் தெரியும். ஊரான் வீட்டுக் காகிதத்தையெல்லாம் துருவித் துருவிப் பார்க்கிறவள், அந்த எண் என்ன என்று நாற்காலி போட்டு ஏறிப் பார்க்கவில்லை. சொந்த மனுஷங்க எடுத்ததாயிற்றே!

சாவிக்காரி நேரே ஆபீஸுக்குப் போகவில்லை. புருஷன் வேலை பார்க்கும் வண்டி உதிரிபாகக் கடைக்குப் போனாள். புதுக் கம்பெனி காலூன்றும்வரை அவர் அந்த வேலையை விடுவதாக இல்லை. கடைக்குள் மேலே முழுக்க ரப்பர் பெல்ட்டுகள் தொங்கின, கீழே எண்ணெய் வாடை. அவர் கவுன்டருக்குப் பின்னால் நின்று யாருக்கோ வடிகட்டி ஒன்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"என்ன, அட்டை ஏத்தியாச்சா?"

"லைசென்ஸ் எடுக்கப் போனப்ப மூணு வகையையும் சொன்னாங்களா, இல்லையா?"

மலர்ந்த முகம் வாடிவிட்டது. அந்த வாட்டத்தைப் பார்த்தபோதே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது.

"இப்ப என்ன ஆச்சு?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"சொன்னாங்க." நூலைப் பொட்டலத்தின்மேல் இன்னொரு சுற்றுச் சுற்றினார். "தரகு லைசென்ஸ்னா உன் பேரைத்தான் போடணும்னு சொன்னாங்க. நீ பழைய வேலையிலேர்ந்து வந்ததும் பேர் ஏத்திக்கலாம், அதுவரை காலியா விட்டு வைக்கறோம்னுகூடச் சொன்னாங்க. அண்ணன் முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"முகம்!"

"கத்தாத, இது கடை. அண்ணன் இருக்கறப்ப அவரு மேல உன் பேர் எப்படி வரும்? நம்ம வீட்டுல வழக்கம் இல்லையே. பராமரிப்புன்னா பரீட்சை வேண்டாம், யார் வேணா பொறுப்பாளரா இருக்கலாம்னாங்க. அதுவும் வீடு சம்பந்தப்பட்டதுதானே, அப்புறமா மாத்திக்கலாம்னு அண்ணன் சொன்னாரு. நானும்..."

"நீங்களும்?"

"கீழ கையெழுத்துப் போட்டேன்."

"சரி. வீட்டுக்கு வந்து எங்கிட்டச் சொல்ல வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? நான் அதை நம்பி வேலையை விட்டேன். நீங்க அதைப் பாத்துக்கிட்டேதான் இருந்தீங்க. கடைசி நாள் அங்க எனக்குக் கேக் வெட்டினாங்களே, அந்தக் கேக்கையும் நீங்கதான் முதல்ல சாப்பிட்டீங்க!"

பொட்டலத்துக்காக நின்றிருந்த ஆள் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார். புருஷன் தலையைக் குனிந்துகொண்டு மேஜையில் இல்லாத தூசியைத் துடைத்தார். தெரியாமல் செய்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டு திருத்தப் போயிருப்பாள். இவர்கள் சரியானது எது என்று காதாரக் கேட்டுவிட்டு, அதில் அவள் பெயர் இருந்ததால் தப்பானதை எடுத்திருக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அந்தச் சோற்றையும் அவள் கையாலேயே வடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். வயிறு எரியுமா, எரியாதா?

ஆபீஸ், சலவைக் கடைக்கும் செல்போன் ரிப்பேர்க் கடைக்கும் நடுவில் இருந்தது. ஒற்றை அறை, கண்ணாடிக் கதவு, இன்னும் பெயின்ட் வாடை போகாத சுவர். பெரிய மேஜை மூத்தாருடையது. அதன்மேல் அவர் பெயரும் நிர்வாக இயக்குநர் என்ற பட்டமும் பொறித்த பித்தளைப் பலகை. சாவிக்காரிக்குக் கதவோரம் சின்ன மேஜை. காற்றுக்குக் கதவு திறக்கும்போதெல்லாம் அவள் நாற்காலியில் இடிக்கும். மூத்தார் சுழல் நாற்காலியில் மெல்ல அரைவட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாம்மா. அட்டை ஏறிடுச்சா? வீடு விக்கற நர்ஸம்மா இப்ப வந்துருவாங்க, ஒப்பந்தத்தை எடுத்து வச்சிருக்கேன்."

"ஏறல அத்தான். குழாய் ரிப்பேர்க் கம்பெனில தரகர் அட்டை எப்படி ஏறும்?"

நாற்காலி நின்றது. தம்பி போனில் முந்திக்கொண்டு சொல்லியிருக்க வேண்டும். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"அட, அதுவா! காகிதத்துல என்னம்மா இருக்கு? வேலை நடக்கணும், அவ்வளவுதான். நீ வீட்டைக் காட்டு, பேசி முடி. கையெழுத்து நான் போட்டுக்கறேன். யாரு வந்து பாக்கப் போறா?"

"பாத்தா?"

"பாத்தா அப்பப் பாத்துக்கலாம்."

"பாத்தா என் அட்டை போகும் அத்தான். உங்களுக்கு என்ன போகும்? அபராதம் கட்டிட்டு வீட்டுல ரிமோட்டை எடுத்துக்குவீங்க. நான் மறுபடி போன் எடுக்கற வேலைக்குப் போகணுமா?"

"குரல் ஏன் ஒசருது?"

"ஒசரத்தான் செய்யும். மாசக் கடைசிக்குள்ள இந்த லைசென்ஸைத் தரகுக்கு மாத்தணும். நீங்க பொறுப்பாளர்லேர்ந்து இறங்கறேன்னு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். பலகை உங்களோடதே இருக்கட்டும், பெரிய மேஜையும் உங்களோடதே இருக்கட்டும். எனக்கு அந்த ஒரு இடம் வேணும். சட்டம் கேக்குது, நான் கேக்கல."

மூத்தார் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். இதுவரை சிரித்துக்கொண்டிருந்த குரல் இறுகிவிட்டது.

"நான் இறங்கி, தம்பி பொண்டாட்டிய மேல ஏத்தி, அதுக்குக் கீழ உக்காரணும். அப்படித்தானே? எங்கப்பா போன அன்னிக்கே இந்தக் குடும்பத்துப் பேனா என் பைக்கு வந்துடுச்சு. இத்தனை வருஷம் உன் வீட்டு வாடகைக்குக்கூட நான்தான் கையெழுத்துப் போட்டேன். நாலு பேர் என்னை என்ன பேசுவாங்க?"

"அந்த நாலு பேர் யாருன்னு சொல்லுங்க அத்தான், வீடு வாங்க வராங்களான்னு கேட்டுப் பாக்கறேன்."

அவர் பதில் சொல்வதற்குள் கதவு திறந்து அவள் நாற்காலியில் இடித்தது. நர்ஸ் வந்துவிட்டாள். நம் மொழி பேசுகிறவள்தான். வெளியூருக்கு மாற்றலாகிப் போவதால் வீட்டை விற்கப் பார்க்கிறாள். அந்த வீட்டையே சில வருஷம் முன்பு அவளுக்கு வாங்கிக்கொடுத்தது சாவிக்காரிதான். ஆஸ்பத்திரி உடுப்பைக்கூட மாற்றாமல் ஒரு மணி நேர அனுமதியில் ஓடி வந்திருந்தாள்.

மூத்தாரின் முகம் நொடியில் மாறிவிட்டது. அப்படி ஒரு உபசாரம்! "உக்காருங்க சிஸ்டர், உக்காருங்க. உங்க வீட்டை வித்துக் குடுக்கறது எங்க பொறுப்பு. இதுல ஒரே ஒரு கையெழுத்து." பேனாவின் தங்க மூடியைக் கழற்றி, பேனாவைத் திருப்பி அவள் கைக்குக் கொடுத்தார். நர்ஸ் படித்துக்கூடப் பார்க்கவில்லை. சாவிக்காரியைப் பார்த்து ஒரு சிரிப்பு. நீங்க இருக்கீங்கள்ல என்பது போல. பேனா காகிதத்துக்குப் போயிற்று.

அந்தச் சிரிப்புதான் தாங்கவில்லை.

"போடாதீங்க சிஸ்டர்."

"என்னம்மா இது..." என்றார் மூத்தார்.

"போடாதீங்க. இந்தக் கம்பெனிக்கு உங்க வீட்டை விக்க லைசென்ஸ் இல்ல. உங்க வீட்டுல குழாய் ஒழுகினாச் சொல்லுங்க, மாத்தித் தருவோம். சுவருக்குப் பெயின்ட் அடிப்போம். டைல்ஸ் ஒட்டுவோம். பெருக்கித் துடைப்போம். விக்க முடியாது. ஒப்பந்தம் போட்டு, வாங்கறவர் முன்பணம் குடுத்த பிறகு இது தெரிஞ்சா, வித்தது செல்லாதுன்னு உங்க தலைலதான் விடியும்."

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள். ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் கோபம் வந்தது. வராமல் என்ன செய்யும்?

"அப்ப என்னை எதுக்கு வேலையை விட்டுட்டு வரச் சொன்னீங்க? உங்களை நம்பித்தானே வேற யாருகிட்டயும் போகல?"

"எனக்கே இன்னிக்குக் காலைலதான் தெரியும் சிஸ்டர்."

"உங்க கம்பெனி, உங்களுக்கே தெரியாதா?"

நர்ஸ் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கதவு மறுபடியும் நாற்காலியில் இடித்தது.

"குடும்ப மானத்தை வாங்கிட்டியே!" மூத்தார் எழுந்து நின்றார். "வீட்டுக்குள்ள பேச வேண்டியதை வெளி ஆள் முன்னால பேசி, பொழைப்பையும் கெடுத்துட்டியே! நீயெல்லாம் ஒரு குடும்பப் பொம்பளையா?"

"மானம் இப்பப் போகல அத்தான். மூணுல ஒண்ணைப் பொறுக்கினீங்களே ரெண்டு பேரும், அன்னிக்கே போயிடுச்சு. குழாய் மாத்தறது கேவலம் இல்ல, நல்ல தொழில். நீங்க அதைத் தொழிலுக்காகவா எடுத்தீங்க? என் பேர் வந்துடக் கூடாதுன்னு எடுத்தீங்க. என் வாடிக்கையாளர் வேணும், என் காலு வேணும், என் வாய் வேணும். பேர் மட்டும் ஆகாது. இல்ல?" ஒப்பந்தக் காகிதத்தைத் திருப்பி வைத்து, பேனாவை அவர் பக்கம் நகர்த்தினாள். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. இறங்கறேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. சிஸ்டர் கால்ல விழுந்தாவது நான் கூட்டிட்டு வரேன்."

மூத்தார் பேனாவை எடுத்தார். அவளுக்கு ஒரு கணம் நம்பிக்கைகூட வந்தது. அவர் மூடியைப் போட்டு, அழுத்தி, சட்டைப்பையில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்.

சாவிக்காரி தன் பையை எடுத்துக்கொண்டாள். போகும்போது கதவை அவள் சாத்தவில்லை.

மறுநாள் காலை, புருஷன் டிபன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, சமாதானம் பேசினார். "கொஞ்சம் பொறுத்துப் போயேன். அண்ணன் மனசு மாறும்."

"மாறட்டும். மாசக் கடைசி மாறாதே."

"நான் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கறேன். எனக்கு அவரும் வேணும், நீயும் வேணும்."

"நடுவுல யாரும் இல்ல. நீங்க அவருக்குக் கீழ கையெழுத்துப் போட்டவரு. நடுவுன்னு சொல்லி என்னை ஏமாத்தாதீங்க." அவள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "நான் தனியாள் லைசென்ஸ் எடுக்கப் போறேன்."

அவர் தட்டை நகர்த்தி வைத்தார். பிறகு, "அப்ப நானும் அதுல ஒரு பார்ட்னரா..." என்று இழுத்தார்.

அட, அந்த இழுப்பு! அவளுக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு செருப்பு கையிலேயே இருந்தது.

"உங்க அண்ணன் லைசென்ஸ்ல என் பேர் இல்லாத மாதிரி என் லைசென்ஸ்ல உங்க பேரும் இருக்காது. என்கூட வேலை பாக்க ஆசையா இருந்தா, பரீட்சை எழுதிட்டு வாங்க. புஸ்தகம் அலமாரில இருக்கு. ரெண்டு தடவை ஃபெயிலானாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

தனியாள் லைசென்ஸுக்குத் தனி ஆபீஸ் தேவையில்லை. முகவரியாக ஒரு மேஜை போதும். பலரும் பங்கு போட்டுக்கொள்ளும் கூடம் ஒன்றில், ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை கிடைத்தது. மெஷின் ஓடும்போது மேஜையும் சேர்ந்து அதிரும். இருந்தால் என்ன? அதே கவுன்டர் பெண் அதே அட்டையை மெஷினில் வைத்தாள். பொறுப்பாளர் என்ற இடத்தில் சாவிக்காரியின் முழுப்பெயர் திரையில் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பெயரை அத்தனை பெரிய எழுத்தில் அவள் பார்த்ததே இல்லை. "இதைத்தானே முதல்லயே எடுத்திருக்கணும்" என்றாள் கவுன்டர் பெண். "அன்னிக்கு எடுக்க வந்தது நான் இல்லையே" என்றாள் இவள். கண் கலங்கியது, கோபத்தில்தான்.

நர்ஸ் முதலில் போனை எடுக்கவில்லை. பிறகு எடுத்து, நன்றாகத் திட்டினாள். சாவிக்காரி குறுக்கே பேசாமல் முழுவதையும் வாங்கிக்கொண்டாள். கடைசியில் நர்ஸே, "ஆனா ஒண்ணு, நீங்க வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்" என்றாள். அந்த வாரமே வீட்டுச் சாவி வளையத்தில் ஏறியது.

வீடு நல்ல வீடு. ஆனால் நர்ஸ் புது ஊரில் வீடு பார்க்கப் போயிருந்த நாட்களில் குளியலறைக் குழாய் ஒழுகி, சுவரோர டைல்ஸ் இரண்டு கிளம்பியிருந்தன. வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது குளியலறையைத்தான். சாவிக்காரி மேஜையில் உட்கார்ந்து, லைசென்ஸ் உள்ள பராமரிப்புக் கம்பெனிகளின் நம்பர்களை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். ஒரு நம்பரில் கை நின்றது. அது பழிவாங்கலா, குடும்ப பாசமா என்று கேட்காதீர்கள். அவளுக்கே தெரியாது. கோபம் ஆறவில்லை என்பது மட்டும் நிச்சயம். அந்த நம்பரை அழுத்தினாள்.

மூத்தாரே வந்தார். வேலைக்கு ஆள் வைக்கும் அளவுக்கு அங்கே வேலை வரவில்லை என்பது அவர் மனைவியான ஓரகத்தி மூலம் அவள் காதுக்கு ஏற்கனவே வந்திருந்தது. கையில் கருவிப் பை. சட்டைப்பையில் அதே பேனா. வீட்டு வாசலில் நின்றார். கதவு பூட்டியிருந்தது, சாவி அவளிடம். அவள் திறந்துவிடும்வரை அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளே பெட்டி கட்டிக்கொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்து, "இவரு?" என்றாள். முகம் ஞாபகம் வந்துவிட்டது போல.

"பராமரிப்புக் கம்பெனி மேனேஜர் சிஸ்டர்" என்றாள் சாவிக்காரி. குரலில் கிண்டல் துளியும் வைக்கவில்லை. மூத்தாரின் காதுமடல் சிவந்தது.

வேலையைக் குறை சொல்ல முடியாது, உள்ளதைச் சொல்ல வேண்டும். முழங்கால் போட்டு உட்கார்ந்து, டைல்ஸை ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். கிளம்பாமல் ஏமாற்றிக்கொண்டிருந்த மூன்றாவது ஒன்றையும் சத்தத்திலேயே கண்டுபிடித்தார். பழைய கிடங்கு ஆளாயிற்றே. குழாய் ஒழுகல் நின்றது. இதை இவர் ஆசையாகவே எடுத்துச் செய்திருக்கலாமே என்று அவளுக்கு மேலும் எரிந்தது.

கை கழுவிக்கொண்டு வந்து, வேலை முடிந்த ரசீதை ஜன்னல் திட்டில் வைத்தார். வேலை கொடுத்தவர், வேலை செய்தவர் என்று இரண்டு கையெழுத்துக்கு இடம் இருந்தது. பழக்கம் விடுமா? மூடியைக் கழற்றி முதல் இடத்துக்கே பேனாவைக் கொண்டுபோனார்.

"அது நான் போடற இடம் அத்தான்."

பேனா அந்தரத்தில் நின்றது. அவர் முதல் முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"பேனா குடுங்க."

கொடுத்தார். வேறு பேனா அவள் பையில் இருந்தது, அதை எடுக்கவில்லை. தங்க மூடிப் பேனாவால் தன் முழுப்பெயரையும் நிதானமாக எழுதி, அதன் அடியில் கையெழுத்தைப் போட்டாள். பிறகு பேனாவை அவர் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"இப்ப நீங்க போடுங்க. கீழ."